பாய்மரப் படகில் ஹாம் வானொலி இன்றும் தேவையா?

செயற்கைக்கோள் தொலைபேசி வந்துவிட்ட இந்தக் காலத்தில், பாய்மரப் படகில் போகிறவர் ஹாம் வானொலிக்கு, அதாவது தேர்வெழுதி உரிமம் பெற்றவர்கள் வணிக நோக்கமின்றி இயக்கும் இருவழி வானொலிக்கு, பணமும் நேரமும் செலவிட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டும் என்பதே என் பதில். படகு ஏற்பாடாகிவிட்டது, வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் இன்னும் மனம் ஒப்பவில்லை என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் வேலூருக்கும் காட்பாடிக்கும் இடையில், பாலாற்றங்கரையில், விருதம்பட்டில் வசிப்பவன். தண்ணீர் இல்லாத ஆற்றங்கரையில் உட்கார்ந்துகொண்டு கடலைப் பற்றி இவர் என்ன பேசுகிறார் என்று ஒரு கூட்டத்தில் என் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். அது இன்றும் உறுத்துகிறது. வி.யு.2 என்று தொடங்கும் அழைப்புக்குறியோடு (உரிமம் பெற்றவரை அடையாளம் காட்டும் குறி) இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வானொலி இயக்குகிறேன். என் மகளும் தேர்வெழுதி உரிமம் பெற்றவள். கடலில் போகும் படகின் குரலைக் கேட்பதற்குக் கரையில் ஒருவர் இருந்தாக வேண்டும், அவர் வேலூரிலும் இருக்கலாம் என்பதை அனுபவித்துத் தெரிந்துகொண்டவர்கள் நாங்கள் இருவரும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பங்குனியில், நண்பர் ஒருவர் தம் 34 அடிப் படகைச் சென்னையிலிருந்து விசாகப்பட்டினத்துக்குக் கொண்டுபோனபோது, வானொலியைப் பொருத்தி இயக்கும் பொறுப்பை ஏற்று நானும் உடன் சென்றேன். தெற்கிலிருந்து வீசும் காற்றும் கரையோரம் வடக்கு நோக்கி ஓடும் நீரோட்டமும் அந்த மாதத்தில் அந்தத் திசைக்குத் துணை செய்கின்றன. பாய்மர உச்சியிலிருந்து படகின் பின்முனைக்கு இறங்கும் கம்பியை இரு முனைகளிலும் இன்சுலேட்டர் வைத்துப் பிரித்து, அதையே ஆன்டெனா ஆக்கினோம். அதன் அடியில், ஆன்டெனாவை வானொலிக்குப் பொருந்தச் செய்யும் ட்யூனரை வைத்து, அங்கிருந்து அகலமான செப்புப் பட்டை ஒன்றைக் கடல்நீரைத் தொடும் உலோகப் பொருத்துக்கு இழுத்தோம். எங்கள் ஊரின் காய்ந்த, பாறை கலந்த மண்ணில் இப்படி நிற்கும் ஆன்டெனாவுக்கு எர்த் இணைப்பாக எத்தனை கம்பிகளைத் தரையில் விரித்தாலும் போதாமல் திண்டாடியவன் நான். உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால், அங்கே ஒரே ஒரு பட்டை அந்த வேலையைச் செய்துவிட்டது.

ஆனால் முதல் நாள் நண்பகலில் நடந்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆட்டோபைலட் படகை ஓட்டிக்கொண்டிருந்தது. நான் 14 மெகாஹெர்ட்ஸில் 100 வாட் வைத்து மைக்கின் பொத்தானை அழுத்திப் பேசத் தொடங்கியதும், சுக்கான் தானாகவே ஒரு பக்கமாகத் திரும்பியது. பின்காற்றில் விரிந்திருந்த பெரிய பாய் மறுபக்கத்துக்கு அறைந்து விழ, பாயின் அடியைத் தாங்கும் பூம் தண்டு நண்பரின் தலைக்கு ஒரு சாண் மேலே கடந்துபோனது. ட்யூனரை மின்னணுத் திசைகாட்டிக்கு மிக அருகில் வைத்திருந்தேன். வானொலி அலை அதன் கம்பிகளில் புகுந்து தவறான திசையைக் காட்டியிருக்கிறது. தவறு முழுவதும் என்னுடையது. கம்பிகளில் வானொலி அலை புகாமல் தடுக்கும் ஃபெரைட் வளையங்களைக் கோத்து, கம்பிகளை விலக்கிக் கட்டிய பிறகும், அந்தப் பயணம் முடியும்வரை ஒருவர் சுக்கானைக் கையில் பிடித்த பிறகே நான் பேசினேன்.

மறுநாள் மாலை வேறொரு பாடம். 14 மெகாஹெர்ட்ஸில் நான் அழைத்தது டெல்லியில் இருந்த ஒருவருக்குத் தெளிவாகக் கேட்டது. ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தொலைவில் மொட்டைமாடியில் காத்திருந்த என் மகளுக்கு எதுவும் கேட்கவில்லை. வானின் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும் அலை, அருகில் உள்ள ஊர்களைத் தாண்டித் தொலைவில்தான் இறங்குகிறது. முன்பே பேசிவைத்தபடி ஐந்து மணிக்கு இருவரும் 7 மெகாஹெர்ட்ஸுக்கு மாறினோம். "அப்பா, அஞ்சுக்கு ஏழு, நல்லா கேக்குது, எங்க இருக்கீங்க?" என்றாள். தெளிவுக்கு ஐந்து, வலிமைக்கு ஏழு என்று என் குரலுக்கு அவள் போட்ட மதிப்பெண் அது. நான் சொன்ன அட்சரேகை, தீர்க்கரேகைகளை அவள் குறித்துக்கொண்ட நோட்டு இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது.

செயற்கைக்கோள் தொலைபேசியை மட்டும் நம்புகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். துரயா, இரிடியம் கருவிகளை முன் அனுமதியின்றி இந்தியாவில் வைத்திருப்பதே குற்றம். அனுமதி பெற்றாலும், அழைத்த எண்ணுக்கு உரியவர் மட்டுமே கேட்பார். 14.300 மெகாஹெர்ட்ஸில் ஹாம்கள் கூடிப் பேசும் கடற்பயணிகள் வலையில் நீங்கள் பேசினால், அந்நேரம் காது கொடுத்திருக்கும் அத்தனை பேரும் கேட்பார்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி தாக்கித் தொலைபேசிகள் செயலிழந்தபோது, வேறொரு முயற்சிக்காகப் அந்தமானின் போர்ட் பிளேயரில் முகாமிட்டிருந்த ஹாம் இயக்குநர் பாரதி பிரசாத்தின் குழுவினர் ஹாம் வானொலி வழியாகவே செய்திகளை அனுப்பினார்கள்.

இதனால் மீட்புக் கருவிகள் வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் திரிக்க வேண்டாம். 2018 செப்டம்பர் 21 அன்று இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில், உலகைத் தனியாகச் சுற்றும் பாய்மரப் போட்டியில் இருந்த இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமியின் படகு பாய்மரத்தை இழந்தது. மூன்று நாட்களுக்குப் பின் அவர் மீட்கப்பட்டார். பாய்மரம் முறிந்தால் அதில் கட்டிய ஆன்டெனாவும் போய்விடும். ஆகவே ஆபத்தில் செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் 406 மெகாஹெர்ட்ஸ் இடர்க்குறிக் கருவியும், அவசர அழைப்புக்கான 16ஆம் சானல் கேட்கும் கடல்சார் வி.ஹெச்.எஃப். வானொலியும் கட்டாயம் படகில் இருக்க வேண்டும்.

கரையில் கேட்பவர்கள் குறைந்துவருவதுதான் என் பெரிய வருத்தம். மலிவான எல்.இ.டி. விளக்குகளும் இன்வெர்ட்டர்களும் எழுப்பும் இரைச்சலில் மெல்லிய குரல்கள் அமுங்கிப்போகின்றன. என் ஆன்டெனாவால் நோய் வருகிறது என்று தெருவில் கையெழுத்து வாங்கியவர்களும் உண்டு. அந்தக் கம்பியை அன்றே இறக்கியிருந்தால், அந்த மாலையில் என் குரல் என் வீட்டுக்கு எட்டியிருக்காது.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான்: கருவி வாங்கும் முன் தேர்வுக்கு விண்ணப்பியுங்கள். பொது நிலை உரிமத்துக்கு நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் மோர்ஸ் தெரிய வேண்டும். அதற்குச் சில மாதங்கள் பயிற்சி தேவைப்படும். படகு உங்களுடையது இல்லையென்றால் அதன் தலைவரின் இசைவைப் பெறுங்கள். வணிகப் பேச்சு எதையும் ஹாம் அலைவரிசையில் பேசாதீர்கள். அனுப்பும்போது கருவி ஏறத்தாழ 20 ஆம்பியர் இழுக்கும் என்பதால் மின்கலத்துக்குத் தனித் தடித்த கம்பி போடுங்கள். கரையில் ஒருவரோடு இரண்டு அலைவரிசைகளையும் இரண்டு நேரங்களையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். முதல் அழைப்பை, ஒருவர் சுக்கானைக் கையில் பிடித்திருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.