கிறுக்கலுக்குக் கண்ணாடிச் சட்டமா?

கேள்வி: ரோம் தேவாலயச் சுவரில் டொமினிக்கினோ தீட்டிய முழு ஓவியமே இருக்கும்போது, அதற்காகப் போட்ட கரிக்கோட்டுக் கிறுக்கல்களைக் கண்ணாடி போட்டுப் பாதுகாப்பானேன்? கை தேர்ந்த ஓவியன் முன்கூட்டி வரைந்து பார்ப்பானா?

பதில்: கை தேர்ந்தவன்தான் பார்ப்பான். ஃபிரெஸ்கோ என்பது ஈரச் சுண்ணாம்புச் சாந்தின் மேல் தீட்டுவது. அன்றைக்குத் தீட்டி முடிக்கும் அளவுக்குத்தான் சாந்து பூசுவார்கள். காய்ந்துவிட்டால் நிறம் சுவரோடு சேராது. பிசகினால் சாந்தைச் செதுக்கி எறிந்துவிட்டு மறுபடி பூச வேண்டும். சாரத்தில் அண்ணாந்து நின்றுகொண்டா, புனிதரின் கை எங்கே வரும் என்று யோசிப்பது?

ஓவியர் டொமினிக்கினோ 1581-இல் இத்தாலியின் பொலோன்யாவில் பிறந்தவர். அவருடைய நிதானத்தைப் பார்த்து உடன் பயின்றவர்கள் வைத்த பட்டப்பெயர் 'எருது'. 1620-களில், ரோமின் சான்ட் ஆண்ட்ரியா டெல்லா வால்லே தேவாலயத்தில் குவிமாடத்துக்குக் கீழே உள்ள நான்கு முக்கோணப் பரப்புகளில் நற்செய்தி எழுதிய மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் ஆகியோரைத் தீட்டினார். (குவிமாட வேலை போட்டியாளர் லான்ஃபிராங்கோவுக்குப் போய்விட்டது. அந்த வயிற்றெரிச்சல் தனிக் கதை.) அந்த முக்கோணங்களோ குழிந்தவை. தாளில் நேராக இருக்கும் கால், அங்கே ஏறியதும் கோணிக்கொள்ளும்.

எருது தாளிலேயே உழுதது. முழங்கை, பாதம், துணி மடிப்பு என்று ஒவ்வொன்றாகக் கறுப்புச் சுண்ணக்கட்டியால் வரைந்து, வெளிச்சம் விழும் இடத்தில் வெள்ளை தொட்டுவைப்பார். பெரிதாக்க வேண்டிய படத்தின் மேல் கட்டம் போடுவார்கள். சுவரளவுத் தாளில் படம் ஏறியதும் கோடுகளின் மேல் ஊசியால் துளையிட்டு, கரித்தூள் கட்டிய துணிப் பொட்டலத்தால் தட்டுவார்கள். ஈரச் சாந்தில் புள்ளி புள்ளியாக உருவம் இறங்கும். கூரான முனையால் தாளை அழுத்தி, சாந்தில் கீறுவதும் உண்டு. அந்தப் பெரிய தாள்கள் பெரும்பாலும் துண்டுபட்டு, நைந்து, அழிந்துபோயின. தப்பியவை நீங்கள் சொல்லும் கிறுக்கல்கள்தான்.

சுவர் இருக்கிறதே என்கிறீர்கள். எந்தச் சுவர்? 1641-இல் நேப்பிள்ஸ் பேராலயத்தின் சான் ஜென்னாரோ சிற்றாலய வேலை முடியும் முன்பே டொமினிக்கினோ இறந்தார். அங்கே குவிமாடத்தில் அவர் தொடங்கியிருந்ததை அகற்றிவிட்டுத் தன் ஓவியத்தைத் தீட்டியவர் யார் தெரியுமா? அதே லான்ஃபிராங்கோ! தாள்களோ சீடர் கைக்குப் போய், பிறகு ஓவியர் கார்லோ மராட்டியிடமும் அல்பானி குடும்பத்திடமும் இருந்து, 1762-இல் பிரிட்டன் அரசர் மூன்றாம் ஜார்ஜிடம் சேர்ந்தன. இன்று விண்ட்சர் கோட்டையில் 1,700-க்கும் மேல் இருக்கின்றன, கண்ணாடியோடும் இல்லாமலும்.