இரவு 8.50-க்கு விமானம், காலை 11-க்கே அறை காலி: பாங்காக்கில் அந்த ஒரு நாளை என்ன செய்வது?

தக்கலையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "பாங்காக்கில் நான்கு நாள் தங்குகிறேன். ஐந்தாம் நாள், 14-ஆம் தேதி இரவு 8.50-க்கு ஏர்ஏசியாவில் கோலாலம்பூர், அங்கே மூன்று நாள், அப்புறம் திருவனந்தபுரம் வழியாக ஊர். ஹாஸ்டல் காவோசான் ரோடு பக்கம், காலை 11-க்கு காலி செய்ய வேண்டும். கையில் முதுகுப்பை மட்டும்தான். கிளம்பும் நாளில் அயுத்தயா போய்வர முடியுமா? ஹாஸ்டலிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"

பழைய கோயில் நகரமான அயுத்தயா அன்றைக்கு வேண்டாம். பாங்காக்கிலிருந்து வடக்கே சுமார் 80 கிலோமீட்டர். ரயில் டான் மியூங் விமான நிலையம் வழியாகத்தான் போகிறது, அதனால் பையோடு போய்விட்டுத் திரும்பும்போது அப்படியே ஏர்போர்ட்டில் இறங்கிவிடலாம் என்று கணக்குப் போடத் தோன்றும். ஆனால் அந்த வெயிலில் ஏழு கிலோவைச் சுமந்துகொண்டு இடிந்த கோயில்களைச் சுற்றுவது பெரும்பாடு, திரும்பும் ரயில் தாமதமானால் உங்கள் கையில் வேறு வழியும் இருக்காது. இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ போய்வாருங்கள்.

இப்போது டிக்கெட்டை எடுத்துப் பாருங்கள். பாங்காக்கில் இரண்டு விமான நிலையங்கள். டிஎம்கே என்று இருந்தால் வடக்கே டான் மியூங், பிகேகே என்று இருந்தால் கிழக்கே சுவர்ணபூமி. நீங்கள் அனுப்பிய டிக்கெட்டில் டிஎம்கே என்று இருக்கிறது. டாக்சிக்காரரிடம் "ஏர்போர்ட்" என்று மட்டும் சொல்லாதீர்கள், "டான் மியூங்" என்று பெயரைச் சொல்லுங்கள். நான் முதல் தடவை பாங்காக்கிலிருந்து கிளம்பியபோது பெயர் சொல்லாமல் ஏறி, பாதி வழியில் மேப்பைப் பார்த்துத்தான் வேறு திசையில் போகிறோம் என்று தெரிந்தது. வண்டியைத் திருப்பச் சொல்லி, நான்கு நாள் பார்த்துப் பார்த்து மிச்சம் பிடித்த காசை அந்த ஒரு மணி நேரத்தில் கொடுத்தேன். பட்ஜெட் பயணத்தில் பணம் கரைவது பெரும்பாலும் கிளம்பும் நாளில்தான், அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். 8.50-க்கு விமானம் என்றால் 8.30-க்கு கேட் மூடிவிடுவார்கள், 7.50-க்கு செக்-இன் கவுண்டர் மூடிவிடும். ஆன்லைனில் செக்-இன் செய்திருந்தாலும் வெளிநாட்டு விமானத்துக்கு பாஸ்போர்ட்டைக் கவுண்டரில் காட்ட வேண்டிவரலாம், அப்புறம் குடியேற்றச் சோதனை வரிசை வேறு. ஆக, ஆறு மணிக்கு டெர்மினல் 1-க்குள் இருங்கள் (2 உள்நாட்டு விமானங்களுக்கானது). அதற்கு ஹாஸ்டலிலிருந்து நான்கு மணிக்கே கிளம்ப வேண்டும். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குப் போகிற நாம் நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் நெரிசலுக்கு என்று தனியாக ஒரு நேரம் ஒதுக்குவோம் இல்லையா, அதே கணக்குதான் இங்கும். ஐந்து மணிக்கு மேல் பாங்காக் சாலைகள் நகரவே நகராது, அதோடு மழையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

காவோசானிலிருந்து ஏ4 பஸ் நேராக டான் மியூங் போகிறது, மலிவு, ஆனால் அதுவும் அதே நெரிசலில்தான் நிற்கும். மாலை விமானத்துக்கு நான் சொல்வது ரயில்: சாம் யோட் அல்லது சனாம் சாய் நிலையத்தில் மெட்ரோவின் நீலப் பாதையில் ஏறி பாங் சூவில் இறங்குங்கள். அங்கேயே இருக்கும் பெரிய நிலையம் குருங் தெப் அபிவத். அங்கிருந்து சிவப்புப் பாதை ரயில் சுமார் இருபது நிமிடத்தில் டான் மியூங்கில் விட்டுவிடும்.

சரி, 11 முதல் நான்கு வரை? பையை ஹாஸ்டலிலேயே வைத்துவிட்டுப் போங்கள், பெரும்பாலான ஹாஸ்டல்களில் சும்மாவே வைத்துக்கொள்வார்கள். பாஸ்போர்ட்டும் பணமும் உங்களோடு இருக்கட்டும். சாவ் பிரயா ஆற்றில் ஆரஞ்சுக் கொடி படகில் போனால் குறைந்த காசில் ஊரின் பாதியைப் பார்த்துவிடலாம். வாட் போ கோயிலும் பக்கம்தான், தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். சீலோம் பகுதியில் 19-ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் கட்டிய மகா மாரியம்மன் கோயில் இருக்கிறது. தாய்லாந்துக்காரர்கள் சாமந்தி மாலையோடு வரிசையில் நிற்பதைப் பார்க்க எனக்கு ஒவ்வொரு தடவையும் நெஞ்சு நிறைந்துவிடும். கட்டாயம் போய்வாருங்கள்.

பை விஷயத்துக்கு வருகிறேன், காசு அதிகமாகப் போவது இங்கேதான். ஏர்ஏசியா கையில் கொண்டுபோக விடும் ஏழு கிலோ என்பது முதுகுப்பையும் சின்னப் பையும் சேர்த்து. கிளம்பும்போது ஆறு கிலோவாக இருந்த பை நான்கு நாள் ஷாப்பிங்கில் எட்டாகிவிடும். கேட்டில் எடை போட்டுப் பிடித்தால் கட்டும் தொகை, அதே எடையை முன்பே ஆன்லைனில் வாங்குவதைவிடப் பல மடங்கு அதிகம். அதனால் முந்தின நாள் இரவே எடை பாருங்கள், ஊரிலிருந்தே ஒரு தொங்கு தராசு எடுத்துப் போவது நல்லது. அப்புறம், கைப்பையில் எந்தத் திரவமும் 100 மில்லிக்கு மேல் கூடாது. தேனும் ஊறுகாயும் தேங்காய் எண்ணெயும் திரவக் கணக்கில்தான் வரும், தாய்லாந்து மிளகாய் விழுதும் அப்படியே. யாருக்காவது கொடுக்க மார்த்தாண்டம் தேன் கொண்டுபோவதானால் சின்னக் குப்பியில் எடுங்கள், இல்லையென்றால் நேந்திரங்காய் சிப்ஸ் போதும். பவர் பேங்க் கைப்பையில் மட்டும்தான், அதை விமானத்தில் மேலே லக்கேஜ் பெட்டியில் வைக்கக் கூடாது, உபயோகிக்கவும் கூடாது.

மலேசியாவுக்கு டிஜிட்டல் வருகை அட்டையை இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். மலேசியக் குடிநுழைவுத் துறையின் சொந்தத் தளத்தில் அது இலவசம், பணம் கேட்கும் தளங்களிலிருந்து வெளியே வந்துவிடுங்கள். இந்தியர்களுக்கு 2026 டிசம்பர் 31 வரை 30 நாளுக்கு விசா தேவையில்லை, ஆனால் திரும்பும் டிக்கெட்டைக் கேட்கலாம். கோலாலம்பூர்–திருவனந்தபுரம் டிக்கெட்டையும் தங்குமிட ரசீதையும் ஊரிலேயே பிரிண்ட் எடுத்துவிடுங்கள், கிளம்பும் நாள் முழுக்க மேப் பார்த்து மாலையில் போன் செத்துப்போவது சகஜம்.

மிச்சமுள்ள தாய்லாந்து பாட் நோட்டுகளை நகருக்குள்ளேயே மலேசிய ரிங்கிட்டாக மாற்றுங்கள், ரயிலுக்கும் சாப்பாட்டுக்கும் ஒரு 200 வைத்துக்கொண்டால் போதும். நாணயங்களை யாரும் மாற்றித் தரமாட்டார்கள், அவற்றை முதலில் செலவழியுங்கள்.

கடைசியாக, பலர் ஏமாறும் ஒரு இடம். மலேசிய நேரம் தாய்லாந்தைவிட ஒரு மணி நேரம் முந்தியது. இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் பறந்து நீங்கள் இறங்கும்போது அங்கே நள்ளிரவு, தேதி 15 ஆகியிருக்கும். ஹாஸ்டலை 15-ஆம் தேதிக்குப் பதிவு செய்தால் மதியம்தான் அறை கிடைக்கும். 14-ஆம் தேதி இரவிலிருந்து பதிவு செய்து, ராத்திரி ஒன்றரை இரண்டு மணிக்கு வருவேன் என்று ஹாஸ்டலுக்கு ஒரு மெசேஜ் போட்டுவையுங்கள். அந்த ஓர் இரவு வாடகையும் மிச்சமாகட்டும் என்றால் கோலாலம்பூரில் நீங்கள் இறங்கும் டெர்மினல் 2-ஐ ஒட்டியே பெரிய மால் இருக்கிறது, அங்கே விடியும்வரை உட்கார்ந்துவிட்டு பஸ்ஸில் கேஎல் சென்ட்ரலுக்குப் போங்கள், ஒரு மணி நேரம்தான். அதிவேக ரயில் 33 நிமிடத்தில் போகும், ஆனால் 55 ரிங்கிட். அந்தக் காசில் மூன்று வேளை சாப்பிடலாம்.