அடைப்புக்குறிக்குள் இருக்கிற பதில்

கேள்வி: ஒன்பதாவது படிக்கும் என் மகள் போன வருஷம் வரை ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வந்தவள். இப்போது எந்நேரமும் செல்போன்தான். பத்தாவது படிக்கும் மகனும் வாலிபால் பக்கம் போவதில்லை. இரண்டு பேரையும் எப்படி உடற்பயிற்சி செய்ய வைப்பது? (மகள் பெரியவளான பிறகு வெளியே விளையாட அனுப்புவதில்லை. மாடியில் யோகா செய்யச் சொன்னாலும் கேட்பதில்லை.)
– ஒரு வாசகி, தங்கச்சிமடம்

பதில்: அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்களே, அதுதாம்மா பதில். ஓடிக்கொண்டிருந்தவளை வீட்டுக்குள் உட்கார வைத்துவிட்டு, ஏன் உட்கார்ந்தே இருக்கிறாள் என்று கேட்கிறீர்கள். வீட்டுக்குள் அவளுக்கு மிச்சமிருக்கும் விளையாட்டுச் சாமான் அந்த செல்போன் ஒன்றுதான்.

'ஊர் என்ன சொல்லும்' என்பீர்கள். சரி, ஊரையே பார்ப்போம். பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, பாறை கிழிக்காமல் இருக்க விரலில் சுற்றிய துணி. மூச்சை அடக்கி முங்கி, மரிக்கொழுந்துப் பாசியைப் பிடுங்கிக்கொண்டு மேலே வருகிறார்கள். பாட்டி வயதிலும் முங்குகிறார்கள். அந்த நனைந்த சேலையை ஊர் ஒன்றும் சொல்வதில்லை. ஏனென்றால் அது வீட்டுக்குக் காசு கொண்டுவருகிறது. காசு வராத ஓட்டத்தை ஒரு பெண் சும்மா சந்தோஷத்துக்கு ஓடினால்தான் நமக்கு மானம் போய்விடுகிறது!

உங்கள் வீட்டில் மட்டும் இப்படி இல்லை. 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடமாவது உடம்பு நன்றாக அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2016 வரை 146 நாடுகளில் திரட்டிய கணக்குப்படி, 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் பெண்களில் 85 சதவீதமும் ஆண்களில் 78 சதவீதமும் அந்த அளவை எட்டவில்லை. பையன்களும் ஒன்றும் வாழ்ந்துவிடவில்லை, பார்த்தீர்களா? பி.டி. பீரியடைக் கணக்கு சார் கடன் வாங்குவார், திருப்பித் தந்ததாகச் சரித்திரம் இல்லை. தாமதமாக வந்தால் மைதானத்தைச் சுற்றி ஓடு என்பார்கள். ஓட்டத்தைத் தண்டனையாக்கிவிட்ட பிறகு அதில் ஆசை எங்கிருந்து வரும்? மணலில் வலை கட்டினால் ஆட்டக்காரன் ஆடுவான், சுமாரானவன் பந்து பொறுக்குவான். நாலு நாள் பொறுக்கியவன் ஐந்தாம் நாள் வரமாட்டான்.

மகளுக்கு யோகா வேண்டாம். தனியாக மாடியில் கையைக் காலை நீட்டுவது அந்த வயதுக்குத் தண்டனை. அவளுக்கு வேண்டியது இரண்டு சிநேகிதிகள், தொளதொளவென்று ஒரு டிராக் பேண்ட், மாதவிலக்கு நாளில் துணி மாற்றக் கதவு உள்ள ஒரு கழிப்பறை, இருட்டுவதற்கு முன் ஒரு மணி நேரம். அந்த நேரத்தில்தான் டியூஷன் என்றால் அதை விடியற்காலைக்கு மாற்றிக் கேளுங்கள். முதல் வாரம் நீங்களும் கூடப் போங்கள். கடற்கரையில் அம்மா நடந்தால், மகள் ஓடுவதை யாரும் கேட்கப் போவதில்லை.

மகன் ஏன் விட்டான் என்று அவனிடம் இன்னும் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். இன்று ராத்திரி சோறு போடும்போது கேளுங்கள். மார்க் பேச்சை மட்டும் எடுக்காதீர்கள்.