சதுரங்கப் பலகையில் நெல்: கேள்வி பதில்

சதுரங்கத்தைக் கண்டுபிடித்தவன் அரசனிடம் நெல் கேட்ட கதையைப் போன கிழமை சொல்லியிருந்தேன். முதல் கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு, பிறகு நாலு என்று இரட்டித்துக்கொண்டே போனால் 64 கட்டத்திலும் சேர்த்து 18446744073709551615 நெல். அதைப் பிடித்துக்கொண்டு நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள்.

பரந்தன் மாணவி: சேர், என் கல்குலேற்றரில் 1.844674407×10¹⁹ என்றுதான் வருகிறது. மிச்ச இலக்கங்கள் எங்கே?

அதன் திரையில் பத்து இலக்கத்துக்குத்தான் இடம், பிள்ளை. கையால் செய்து பாரும். 2¹⁶ என்பது 65536. அதை அதாலேயே பெருக்கினால் 4294967296. அதையும் அப்படியே பெருக்கினால் 2⁶⁴ வந்துவிடும். அதில் ஒன்றைக் கழியும். இரண்டாவது பெருக்கலுக்குக் கொஞ்சம் பெரிய தாளாக எடுத்தால் நல்லது.

விசுவமடு விவசாயி: மாஸ்டர், அது எத்தனை மூடை வரும்?

ஆயிரம் நெல் 25 கிராம், மூடை 65 கிலோ என்று வைப்போம். 21ஆம் கட்டம் வரை கூட்டினாலும் 52 கிலோதான், ஒரு மூடைகூட நிரம்பாது. அதுவரைக்கும் அரசனுக்குச் சிரிப்புத்தான் வந்திருக்கும். 64ம் முடிய ஏழு இலட்சம் கோடி மூடைக்கு மேலே. இலங்கை முழுவதும் பரப்பினால் ஏறத்தாழ பன்னிரண்டு மீற்றர் உயரத்துக்கு நிற்கும். பிறகு சூடடிக்கக் களத்துக்கு எங்கே போவது?

வவுனியா, ஓ/எல் மாணவன்: 7ஆல், 9ஆல் வகுபடுமா சேர்?

இரண்டாலும் இல்லை. இலக்கங்களைக் கூட்டினால் 87. அதனால் 3ஆல் வகுபடும், 9ஆல் வகுபடாது. 7ஆல் வகுத்தால் மீதி 1.

முல்லைத்தீவு ஆசிரியை: இவ்வளவு பெரிய எண்ணைக் காரணிப்படுத்துவது எப்படி?

வகுப்பில் நீங்கள் படிப்பிக்கிற a²−b²தான், ரீச்சர். 2⁶⁴−1 = (2³²−1)(2³²+1). முதல் அடைப்பை மறுபடி மறுபடி அப்படியே உடைத்தால் 3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297 என்று நிற்கும். முதல் ஐந்தும் முதன்மை எண்கள். ஆறாவதும் முதன்மைதான் என்று பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மா நம்பினார். 1732இல் சுவிஸ் கணித மேதை ஆய்லர் அதை 641ஆல் உடைத்துவிட்டார்.

641ஐக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அது 5×2⁷+1. அதுவே 5⁴+2⁴உம். முதலாவதன்படி, 5×2⁷ஐ 641ஆல் வகுத்தால் மீதி −1, அதாவது சரியாக வகுபட ஒன்று குறைகிறது. நாலாம் வலுவுக்கு ஏற்றினால் 5⁴×2²⁸இன் மீதி 1. இரண்டாவதன்படி 5⁴இன் இடத்தில் −2⁴ போடலாம். அப்போது −2³²இன் மீதி 1, அதாவது 2³²+1 மிச்சமில்லாமல் வகுபடும். நீளப் பெருக்கல் ஒன்றுமே இல்லை! எத்தனை தரம் கரும்பலகையில் எழுதினாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

மற்றக் காரணி 6700417, அதுவும் முதன்மை. ஆக ஏழு முதன்மைக் காரணிகள், ஒவ்வொன்றும் ஒரு தரம்தான். எனவே இந்த எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் 2⁷, அதாவது 128.

மாங்குளத்திலிருந்து ஒரு தாய்: இதால் என்ன பிரயோசனம், ஐயா?

64 பிட்டில், அதாவது 0 அல்லது 1 மட்டும் எழுதக்கூடிய 64 இடங்களில், கணினி வைத்திருக்கக்கூடிய ஆகப் பெரிய முழு எண் இதுதான், அம்மா, கழித்தல் குறிக்கு இடம் ஒதுக்காவிட்டால். இன்னும் ஒன்று கூட்டினால், பழைய மோட்டார்சைக்கிள் மீற்றர் 99999 தாண்டினது போல, பூச்சியத்துக்கு வந்து நிற்கும்.