உறையில் செருகும்போது வெடிப்பது ஏன்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று, இப்போது நகைக்கடை உரிமையாளர் ஒருவருக்கு மெய்க்காவலராக, உரிமம் பெற்ற .32 பிஸ்டலுடன் பணிபுரிகிறேன். உடன் பணிபுரியும் நண்பர் துப்பாக்கியை இடுப்பு உறையில் திரும்பச் செருகியபோது அது வெடித்து, குண்டு அவருடைய தொடையை உரசிச் சென்றது. விசையைத் தொடவே இல்லை என்று அவர் சத்தியம் செய்கிறார். துப்பாக்கி தானாக வெடிக்குமா?
– முன்னாள் படைவீரர், கம்மவான்பேட்டை

பதில்: வீட்டுக்கொருவரைப் படைக்கு அனுப்பும் ஊர் என்று பெயர்பெற்ற கம்மவான்பேட்டையிலிருந்து கேள்வி வந்திருப்பதால், ஆரம்பப் பாடங்களை விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் நண்பர் உண்மையைத்தான் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய விரல் விசையைத் தொடாமல் இருந்திருக்கலாம். அப்படியானால் வேறு ஏதோ ஒன்று தொட்டிருக்கும் என்பதே பெரும்பாலும் சரியான விடை. சட்டையின் கீழ்நுனி, மழைக்கோட்டின் நாடா, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையின் கயிறு, உறையின் மேற்பட்டை ஆகியவற்றுள் ஒன்று விசையைச் சுற்றியுள்ள வளையத்துக்குள் நுழைந்துவிட்டால், துப்பாக்கியைக் கீழே அழுத்துகிற கையே விசையையும் இழுத்துவிடுகிறது. உறை இறுக்கமாக இருக்கிறது என்று எண்ணி மேலும் அழுத்துபவர், தம்மை அறியாமலேயே சுட்டுக்கொள்கிறார்.

துப்பாக்கியின் பழுதால் வெடிப்பதே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. தோட்டாவை அடித்து வெடிக்கச் செய்யும் பாகமான சுத்தியல் நேரடியாகத் தோட்டாவின் மேல் அமர்ந்திருக்கும் பழைய வகை ரிவால்வர்கள் கீழே விழுந்தால் வெடிக்கக்கூடும். அதனால்தான் அக்காலத்தில் சுத்தியலுக்கு நேரே உள்ள தோட்டா அறையைக் காலியாக விட்டுவைத்தார்கள். அண்மைக் காலத்திலும், அமெரிக்காவின் சிக் சாவர் நிறுவனத்தின் பி320 பிஸ்டல் சில கோணங்களில் தரையில் விழும்போது வெடிப்பதைச் சோதனைகள் காட்டிய பின்னர், 2017ஆம் ஆண்டில் அந்நிறுவனம் அதன் விசைப் பாகங்களை மாற்றித் தர முன்வந்தது. எனவே உங்கள் நண்பர் அந்த பிஸ்டலை உரிமம் பெற்ற ஆயுதப் பழுதுபார்ப்பவரிடம் காட்டிவிட்டே மீண்டும் அணிய வேண்டும். ஆயினும் செருகும் நேரத்தில் மட்டும் வெடித்த துப்பாக்கி என்றால், என் சந்தேகம் முதலில் உறையின் மீதும் உடையின் மீதும்தான் விழும்.

உருவும் வேகம் குறித்துப் பயிற்சிகளில் நிறையப் பேசுகிறார்கள்; திரும்பச் செருகுவதைப் பற்றி ஒரு வாக்கியத்தோடு முடித்துவிடுகிறார்கள். இது எனக்கு எப்போதும் வியப்பாகவே இருக்கிறது. உருவும்போது அவசரம் இருக்கலாம். செருகும்போது யாரும் நம்மை விரட்டுவதில்லை. ஆனாலும் வேலை முடிந்துவிட்டது என்று மனம் தளர்கிற அந்த நொடியில், கண் எதிரில் உள்ளவரைப் பார்த்துக்கொண்டிருக்க, கை பழக்கத்தினால் மட்டும் இயங்குகிறது. குனிந்து உறையின் வாயைப் பார்ப்பது கற்றுக்குட்டித்தனம் என்று சில மூத்தவர்கள் கேலி செய்வதுண்டு. அந்தக் கேலியைப் பொருட்படுத்தாதீர்கள். சுட்டுவிரல் விசைக்கு வெளியே, துப்பாக்கியின் பக்கவாட்டில் நீட்டியபடி இருக்கட்டும். மற்றக் கையால் சட்டையை மார்பு வரை தூக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்தக் கையின் விரல்களால் உறையின் வாயைப் பிளந்து பிடிக்க வேண்டாம், ஏனெனில் அவை குழலுக்கு நேர் எதிரே வந்துவிடும். வெளியே தெரியும் சுத்தியல் உள்ள துப்பாக்கியானால் அதன் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு செருகுங்கள். விசையை ஏதேனும் இழுத்தால் சில வகைகளில் சுத்தியல் பின்னோக்கி எழுவது கட்டைவிரலுக்குத் தெரியும். ஏற்கெனவே சுத்தியல் ஏற்றப்பட்ட நிலையில் இருந்தாலும் அது முன்னே பாய்வதைக் கட்டைவிரல் தடுக்கும். இலேசாகத் தடைபட்டாலும் அழுத்தாமல் வெளியே எடுத்துப் பாருங்கள். தவறிச் சுடாமல் பூட்டும் பாதுகாப்பு விசை உள்ள பிஸ்டலில் அதைப் போட்ட பிறகே உறைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். க்ளாக் போன்ற பிஸ்டல்களில் கட்டைவிரலால் போடும் அத்தகைய விசை இல்லாததால், விரலும் உறையும்தான் அங்கே காவல்.

காரின் இருக்கையில் அமர்ந்தபடி, இருக்கைப் பட்டையையும் மாட்டிக்கொண்டு செருகுவதைத் தவிர்த்துவிடுங்கள். பெல்ட்டுக்கு உட்புறமாக முன்பக்கத்தில் அணிபவர்கள், உறையைக் கழற்றித் துப்பாக்கியை அதில் வைத்த பின் இரண்டையும் சேர்த்து அணிவதே நல்லது. அங்கே குழல் தொடையின் பெரிய ரத்தக்குழாயை நோக்கியே இருக்கிறது. அந்த இடத்தில் குண்டு பட்டால் சில நிமிடங்களில் உயிருக்கே ஆபத்து நேரலாம் என்பதால், 108ஐ அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை காயத்தின் மேல் முழு பலத்தோடு அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

கேள்வி: தோல் பைகள் தைத்துக் கொடுக்கும் சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். ஒருவர் தம் ரிவால்வருக்கு உறை தைத்துத் தரச் சொல்லியிருக்கிறார். கவனிக்க வேண்டியது என்ன?
– ஆம்பூர் வாசகர்

பதில்: மென்மையான தோலில் தைக்காதீர்கள் என்பதே முதல் வேண்டுகோள். பைக்கும் காலணியின் மேற்பகுதிக்கும் உகந்த, குரோம் உப்பில் பதனிட்ட மென்தோல் உறைக்கு ஆகாது. சில மாதங்களில் அதன் வாய் தளர்ந்து மடிந்து, துப்பாக்கியைச் செருகும்போது மடிப்பு விசைவளையத்துக்குள் போய்விடும். நம் வட ஆற்காட்டுப் பக்கத்தில் முன்பு ஆவாரம்பட்டையிட்டுப் பதனிட்டதைப் போன்ற, மரப்பட்டையில் பதனிட்ட விறைப்பான தோல்தான் வேண்டும். சுமார் 3 மில்லிமீட்டர் கனம் இருக்கட்டும். அந்த ரிவால்வரின் அளவுக்கே வடிவம் பிடித்து, விசைவளையம் முழுவதையும் மூடி, வெளியிலிருந்து விரல் நுழைய இடமில்லாமல் தைக்க வேண்டும். துப்பாக்கி இல்லாதபோதும் வாய் திறந்தே நிற்கும்படி, வாயைச் சுற்றி இன்னொரு அடுக்குத் தோல் கொடுத்து அழுத்தித் தையுங்கள். பொத்தான் பட்டை வைப்பதானால், கழற்றியதும் அது வெளிப்புறமாகச் சாயும் வகையில் அமையட்டும். அளவெடுப்பதற்காகத் தோட்டா உள்ள ரிவால்வரை வாங்கிக்கொள்ளாதீர்கள். உரிமையாளர் உடனிருந்து, காலி செய்து காட்டி, அளவு முடிந்ததும் எடுத்துச் செல்லட்டும்.

கேள்வி: மாமனாரின் ரிவால்வரும் பிஸ்டலும் உறையோடு பீரோவில் துணிகளுக்கு நடுவே இருக்கின்றன. "காலியாகத்தான் இருக்கிறது" என்கிறார். எட்டு வயதில் மகன் இருக்கிறான்.
– இல்லத்தரசி, காட்பாடி

பதில்: அம்மா, அந்தச் சொல்லை நம்பித்தான் பலர் காயப்பட்டிருக்கிறார்கள். பிஸ்டலில் தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசீனைக் கழற்றிவிட்டால் காலியாகிவிட்டது என்று நினைப்பது பெரிய பிழை. குழலின் பின்னுள்ள அறையில் ஒரு தோட்டா அப்போதும் இருக்கலாம். முதலில் மேகசீனைக் கழற்றி, பிறகு மேற்புறத்தில் முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடைப் பின்னிழுத்து, அறையைக் கண்ணாலும் விரலாலும் பார்க்க வேண்டும். இவ்வரிசை மாறினால், அறையிலிருந்து ஒரு தோட்டா வெளியே விழும் அதே நேரத்தில் மேகசீனிலிருந்து அடுத்தது உள்ளே ஏறிவிடும்! ரிவால்வரானால் சுழலும் உருளையைத் திறந்து எல்லா அறைகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இவற்றை நீங்கள் செய்ய வேண்டாம்; உங்கள் எதிரிலேயே மாமனாரைச் செய்யச் சொல்லுங்கள். வயதில் மூத்தவரிடம் எப்படிக் கேட்பது என்ற தயக்கம் எனக்குப் புரிகிறது. பேரனின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

2024 அக்டோபர் 1 அன்று மும்பையில், இந்தி நடிகர் கோவிந்தா தம் உரிமத் துப்பாக்கியை அலமாரியில் வைக்க முற்பட்டபோது அது தவறி விழுந்து வெடித்துக் காலில் குண்டு பாய்ந்ததாகச் செய்தி வந்தது; வீட்டுக்குள் நடந்ததுதான் அதுவும். துப்பாக்கி ஒரு பூட்டிலும் தோட்டாக்கள் வேறொரு பூட்டிலும் இருக்க வேண்டும், சாவி பையன் கைக்கு எட்டக் கூடாது. தோல் உறைக்குள்ளேயே மாதக்கணக்கில் வைப்பதும் வேண்டாம். தோல் ஈரத்தை இழுத்துத் துருவை உண்டாக்கும்.

கேள்வி: தவறுதலாக வெடித்தாலும் வழக்கு வருமா?
– வேலூர் வாசகர்

பதில்: வரலாம். கவனக்குறைவால் பிறருடைய உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து விளைவிப்பதை பாரதிய நியாய சன்ஹிதாவின் 125ஆம் பிரிவு தண்டிக்கிறது. கொடுங்காயம் ஏற்பட்டால் 3 ஆண்டு வரை சிறையும், மரணம் நேர்ந்தால் 106ஆம் பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறையும் விதிக்கலாம். திருமணத்திலோ திருவிழாவிலோ வானத்தை நோக்கிச் சுடுவதற்கு, 2019ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு ஆயுதச் சட்டத்திலேயே 2 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உறையிலிட்டு மறைவாகவே கொண்டுசெல்ல வேண்டும் என்கின்றன 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள். யாருக்கும் காயமில்லை என்றாலும் காவல் நிலையத்துக்குத் தாமே தகவல் தருவது நல்லது. பொதுப் பாதுகாப்பு கருதி உரிமத்தை நிறுத்திவைக்கவோ ரத்து செய்யவோ ஆயுதச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, உரிமம் வழங்கும் மாவட்ட நிர்வாகத்துக்கு அதிகாரம் தருகிறது.