கீழே விழுந்த நின்டெண்டோ ஸ்விட்ச் லைட் கேம் கன்சோலை நானே பிரித்துச் சரிசெய்யலாமா, கடையில் கொடுப்பதுதான் நல்லதா?

இடது பக்க ஸ்டிக்கை (கட்டைவிரலால் தள்ளும் குமிழ்) தொடாமலே கேமில் பொம்மை தானாக நடக்கிறது, பையன் அழுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்நேரம் யூடியூபில் நாலு வீடியோ பார்த்து முடித்திருப்பீர்கள். ஸ்க்ரூடிரைவர் செட்டையும் கார்ட்டில் போட்டிருப்பீர்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

ஸ்டிக் மட்டும்தான் கோளாறு என்றால் நீங்களே மாற்றலாம். ஆனால் நான் மாற்றிய லட்சணத்தைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

2022 டிசம்பரில் அக்கா குடும்பம் சிங்கப்பூரிலிருந்து லீவுக்குத் திருச்சி வந்திருந்தது. அக்கா பையனின் ஸ்விட்ச் லைட்டுக்கும் இதே வியாதி. வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது. "அங்க கேக்குற காசுல பாதிக்கு நம்மூர்ல முடிஞ்சிரும்டா. நீ இசிஇ தானே?" என்று அக்கா என் கையில் திணித்துவிட்டாள்.

நான் முதலில் போனது கடைக்குத்தான். 'எடுத்த எடுப்பிலேயே ஏன்யா பிரிச்சே' என்று கேட்க வருகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும். பக்கத்துத் தெருவில் ஒரு மொபைல் கடை, பெயர் வேண்டாம். காலையில் கொடுத்து சாயங்காலம் வாங்கினேன், அறுநூறு ரூபாய். ஐந்து நாள் ஜோராக ஓடியது. ஆறாம் நாள் மரியோ மறுபடியும் தானாகப் பள்ளத்தில் போய் விழ ஆரம்பித்தார். திருப்பிப் பார்த்தால், பின்பக்கம் மூலைக்கு ஒன்றாக இருக்க வேண்டிய நான்கு ஸ்க்ரூவில் ஒன்றைக் காணோம். இன்னொன்றின் தலை மொழுமொழுவென்று வழுக்கிக் கிடந்தது. அவை ஒய் வடிவத் தலை கொண்டவை. சாதா ஸ்டார் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினால் அப்படித்தான் ஆகும்.

கடைக்காரர் உள்ளே என்ன செய்திருப்பார் என்பது பிறகுதான் புரிந்தது. ஸ்டிக்குக்கு அடியில் கார்பன் பூசிய குட்டிப் பட்டைகள் உண்டு. ஸ்டிக்கை அசைத்தால் ஒரு உலோக நாக்கு அதன்மேல் உரசிக்கொண்டு நகரும். நாக்கு நிற்கும் இடத்தை வைத்துத்தான் நாம் எவ்வளவு தள்ளினோம் என்று கன்சோல் கணக்குப் போடுகிறது. நாளாக ஆகக் கார்பன் தேயும், தூளும் அங்கேயே கிடக்கும். கான்டாக்ட் கிளீனர் அடித்தால் தூள் விலகும், கொஞ்ச நாள் நன்றாக இருக்கும். தேய்ந்த கார்பன் வளர்ந்தா வரும்? அறுநூறு ரூபாய்க்கு எனக்குக் கிடைத்தது ஒரு புஸ்ஸு ஸ்ப்ரே.

அந்தக் கடுப்பில்தான் நானே இறங்கினேன். என் பழைய பிஎஸ்பி (சோனியின் கைக் கன்சோல்) கொடுத்த தைரியமும் ஒரு காரணம். பேட்டரி உப்பிப் பின் மூடியைத் தள்ளியபோது, நகத்தால் மூடியைக் கழற்றி, வேறு பேட்டரி போட்டு முடித்தவன் நான். இதுவும் அந்த ஜாதிதானே என்று நினைத்துவிட்டேன்.

இசிஇ என்றதும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நான்கு வருஷம் படித்தேன். சால்டரிங் அயர்னைக் கையில் பிடித்தது மொத்தமே இரண்டு தடவை. ஒரு பேட்ச்சுக்கு முப்பது பேர், வேலை செய்யும் அயர்ன் மூன்று. மற்ற நாளெல்லாம் ரெக்கார்ட் நோட் எழுதினோம். இடது பக்கம் பென்சிலில் சர்க்யூட், வலது பக்கம் பேனாவில் எய்ம், அப்பரேட்டஸ், புரொசீஜர். சர்க்யூட்டில் கோடு கொஞ்சம் வளைந்தால் அந்தப் பக்கத்தையே கிழித்துத் திரும்ப வரையச் சொல்வார்கள். ரீடிங் எல்லாம் சீனியர் நோட்டைப் பார்த்து எழுதியது. அதற்கு உள்மதிப்பெண் வேறு. இன்றைக்கும் வீட்டில் மிக்ஸி நின்றால், டிவியில் கோடு விழுந்தால் எல்லோரும் என் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஆன்லைனில் ஒரு ஸ்டிக்கும் ஒய் ஸ்க்ரூடிரைவரும் வாங்கினேன். வழுக்கிப்போன ஸ்க்ரூவைக் கழற்றவே அரை மணி நேரம். ரப்பர் பேண்டை நடுவில் வைத்து அழுத்தித் திருகியதில் ஒருவழியாக வந்தது. பின் மூடிக்கு அடியில் ஒரு தகடு, அதன் மறுபக்கம் பிசுபிசுவென்று ஹீட் பேஸ்ட். பேட்டரி கனெக்டரை முதலில் பிடுங்கிவிட்டேன், அந்த மட்டும் புத்தி இருந்தது.

ஸ்டிக்கிலிருந்து ஒரு ரிப்பன் கேபிள் போய் ஒரு குட்டி சாக்கெட்டில் சொருகியிருக்கும். சாக்கெட்டின் மேல் எள்ளு போல ஒரு கறுப்புத் தாழ்ப்பாள். அதை நகத்தால் மெல்ல நிமிர்த்தினால் ரிப்பன் வெண்ணெய் போல வெளியே வரும். நான் நிமிர்த்தவில்லை, ரிப்பனைப் பிடித்து இழுத்தேன். டக்கென்று ஒரு சத்தம். தாழ்ப்பாளைக் காணவில்லை.

எங்கள் வீடு பழைய வீடு, மொசைக் தரை. மொசைக்கில் கறுப்புப் புள்ளிகள் எத்தனை இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். நானும் அம்மாவும் டார்ச் அடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் தரையோடு தரையாகத் தவழ்ந்தோம். பையன் கட்டிலில் உட்கார்ந்தபடி கேட்டான்: "மாமா, என் சேவ் போகாதுல்ல?"

"அதெல்லாம் கார்டுல இருக்குடா" என்றேன். அது தப்பு. கேமை மெமரி கார்டில் வைக்கலாமே தவிர, சேவ் (இதுவரை விளையாடிய பதிவு) எப்போதும் கன்சோலின் உள் மெமரியில்தான் இருக்கும். காசு கட்டி ஆன்லைன் மெம்பர்ஷிப் வைத்திருந்தால் பெரும்பாலான கேம்களுக்கு கிளவுடில் ஒரு காப்பி கிடக்கும். நீங்கள் பிரித்தாலும் சரி, கடையில் கொடுத்தாலும் சரி, முதலில் இதைப் பாருங்கள். நான் பார்க்கவில்லை.

அவர்களுக்கு ஃப்ளைட்டுக்கு நாலு நாள் இருந்தது. எல்லாவற்றையும் ஒரு டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு சிங்காரத்தோப்புப் பக்கம் கடை கடையாக ஏறி இறங்கினேன். இரண்டு கடையில் பாக்ஸைத் திறந்ததுமே மூடச் சொல்லிவிட்டார்கள். மூன்றாவதில் மைக்ரோஸ்கோப் வைத்து வேலை பார்க்கும் ஒரு தம்பி. "பிரிச்சுக் கொண்டாந்ததை நாங்க தொடறதில்லண்ணே" என்றார். பிறகு என் மூஞ்சியைப் பார்த்துவிட்டுப் போர்டை வாங்கிக்கொண்டார். "பின்னெல்லாம் நல்லாருக்கு, லாக்குதான் போச்சு." வேறொரு செத்த போர்டிலிருந்து அதே மாதிரி சாக்கெட்டை எடுத்து, சுற்றிலும் டேப் ஒட்டி, ஹாட் ஏர் அடித்து உட்கார வைத்தார். நான் பக்கத்து ஸ்டூலில் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தேன். நாற்பது நிமிஷம், தொள்ளாயிரம் ரூபாய், நான் வாங்கிய ஸ்டிக்கையே மாட்டிக் கொடுத்தார். நடுவில், "குட்டை ஸ்க்ரூ போடற ஓட்டைல நெட்டையைப் போட்டிருக்காங்களே, யாருண்ணே?" என்றார். முதல் கடைக்காரர் என்று சொன்னேன். நானாகவும் இருக்கலாம்.

சேவ் அப்படியே இருந்தது.

இப்போது உங்களுக்கு. முதலில் சிஸ்டம் செட்டிங்ஸில் கன்ட்ரோலர்ஸ் அண்ட் சென்சார்ஸ் போய் ஸ்டிக்கை காலிபிரேட் செய்து (அதன் நடு இடத்தைக் கன்சோலுக்குத் திரும்பச் சொல்லிக்கொடுத்து) பாருங்கள். சில சமயம் அதிலேயே சரியாகிவிடும், பைசா செலவில்லை. சரியாகாவிட்டால் ஸ்டிக் மாற்றுங்கள். வாங்குவதே வாங்குகிறீர்கள், ஹால் எஃபெக்ட் வகையாக வாங்குங்கள். காந்தத்தை வைத்து வேலை செய்வது, உரசித் தேய அங்கே கார்பன் பட்டை இல்லை. மெமரி கார்டை எடுத்துவிட்டுப் பிரியுங்கள். கழற்றும் ஸ்க்ரூவை ஒரு தாளில் படம் போட்டு அந்தந்த இடத்திலேயே குத்தி வையுங்கள். தாழ்ப்பாளைப் பற்றித்தான் சொல்லிவிட்டேனே.

உங்களுடையது கீழே விழுந்தது என்கிறீர்கள். மூடி ஒரு பக்கம் உப்பினாற்போல் இருந்தாலோ, சார்ஜ் ஏறாவிட்டாலோ, ஸ்க்ரீனில் கறை படர்ந்தாலோ பிரிக்கவே வேண்டாம், கடைக்குப் போங்கள். அதுவும் மைக்ரோஸ்கோப் இருக்கிற கடையாகப் பார்த்து, பக்கத்தில் உட்கார விடுவார்களா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

திருச்சிப் பக்கம் என்றால் சொல்லுங்கள், என் ஒய் ஸ்க்ரூடிரைவர் சும்மாதான் கிடக்கிறது. திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.