மாலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியா: தியேட்டரில் கேட்கும் கேள்விகள்

முதுநிலை மாணவி: உடம்பு கொதித்தால்தானே டாக்டர் சந்தேகப்படணும்?

இது சில மயக்க மருந்துகளால் தூண்டப்பட்டு தசைகள் கட்டுமீறி இயங்கும் பரம்பரை வியாதி. ஹைப்பர்தெர்மியா என்றால் அதிசூடு, ஆனால் பெயரை நம்பி ஏமாறாதீங்க. சூடு பல நேரம் பிந்தித்தான் வரும். முதலில் காட்டிக்கொடுப்பது கேப்னோகிராஃப், அதாவது வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடை அளக்கும் கருவி. மூச்சளவை எவ்வளவு கூட்டினாலும் கார்பன் டை ஆக்சைடு 45, 55, 65 என்று ஏறும், நாடியும் கூடவே ஓடும். கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் சோடாலைம் டப்பாவைத் தொட்டுப் பாருங்க, கையைச் சுடும். தசையைத் தளர்த்தும் சக்சினைல்கோலின் போட்டபின் தாடை இறுகி வாய் திறக்கவில்லையென்றால் அப்போதே உஷார். மயக்கம் போதவில்லை என்று நினைத்து மூச்சில் கொடுக்கும் மயக்க மருந்தான செவோஃப்ளூரேனைக் கூட்டுவதுதான் அடிக்கடி நடக்கும் தப்பு. தூண்டிவிட்டதே அதுதான்.

ஓ.டி. டெக்னீஷியன்: இதை அடக்கும் மருந்தான டான்ட்ரோலின் எத்தனை வயல் (மருந்துக் குப்பி) உடைக்கணும் சார்?

கிலோவுக்கு 2.5 மி.கி. 60 கிலோ ஆளுக்கு 150 மி.கி., அதாவது 20 மி.கி. வயல் எட்டு. ஒவ்வொன்றிலும் 60 மி.லி. ஸ்டெரைல் வாட்டர் மட்டும். சலைனோ டெக்ஸ்ட்ரோஸோ கூடாது. கலங்கல் போய்த் தெளியும்வரை குலுக்கணும். மொத்தம் அரை லிட்டர் வரும். ஒருத்தர் கரைத்தால் விடிந்துவிடும், இரண்டு மூன்று பேரை இதற்கே ஒதுக்குங்க. பெரிய வெயினில் போடுங்க, வெளியே கசிந்தால் சதை புண்ணாகும். அடங்கவில்லையென்றால் திரும்பவும் அதே அளவு. இருப்பில் 36 வயல் வேண்டும் என்பது சும்மா சொன்ன கணக்கல்ல.

அதே டெக்னீஷியன்: கரைக்கிற நேரத்தில் மற்றவங்க?

மயக்க மருந்தை ஆவியாக்கும் வேப்பரைசரை மூடி, 100% ஆக்சிஜன் நிமிடத்துக்கு 10 லிட்டருக்கு மேல். மெஷினை மாற்றி நேரத்தைத் தொலைக்க வேண்டாம். மயக்க ஆவியை உறிஞ்சும் சார்கோல் (கரி) ஃபில்டர் இருந்தால் மெஷினின் இரண்டு குழாயிலும் மாட்டுங்க. மயக்கம் ஊசி மருந்தான புரோபோஃபாலில் தொடரட்டும், சர்ஜன் சீக்கிரம் முடிக்கட்டும். 39 டிகிரி தாண்டினால் குளிர்விங்க, 38 வந்ததும் நிறுத்துங்க. பொட்டாசியம் ஏறினால் கால்சியம், பிறகு 10 யூனிட் இன்சுலினுடன் 50% டெக்ஸ்ட்ரோஸ் 50 மி.லி. வெராபமில், டில்டியாசம் என்ற இதய மருந்துகள் பக்கமே போகாதீங்க. டான்ட்ரோலினோடு சேர்ந்தால் பொட்டாசியம் எகிறி இதயம் நிற்கலாம். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் வந்தால் தசை உடைகிறது, சிறுநீரகத்தைக் காப்பாற்றணும். அடங்கியது திரும்பவும் வரலாம், 24 மணி நேரமாவது ஐ.சி.யு.

நோயாளியின் தம்பி: அண்ணனுக்கு வந்தது. எனக்கு ஏற்கெனவே இரண்டு ஆபரேஷன், ஒன்றும் ஆகலையே?

அது உத்தரவாதமில்லை தம்பி. மூன்றாவதில் வந்தவர்கள் உண்டு. 1960இல் மெல்போர்னில் கால் முறிந்து வந்த ஒரு இளைஞன், காலைவிட மயக்க மருந்துக்குத்தான் பயந்தான். ஈதர் கொடுத்து அவன் சொந்தத்தில் பத்துப் பேர் போயிருந்தார்கள். இந்த வியாதி உலகுக்குப் புரிந்ததே அப்படித்தான். உங்களுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இந்த வியாதியோடு தொடர்புள்ள ஆர்.ஒய்.ஆர்.1 மரபணுவில் கோளாறு ஒன்றும் இல்லை என்று வந்தாலும் விலக்கிவிட முடியாது. தசைத் துணுக்கை எடுத்துச் செய்யும் சோதனைதான் முடிவு. அதுவரை உங்களுக்கும் உண்டு என்றே வைத்துக்கொண்டு, எந்த ஆபரேஷனுக்கும் முன்பே மயக்க டாக்டரிடம் சொல்லுங்க. ஸ்பைனலும் (முதுகில் போடும் மரப்பு ஊசி) புரோபோஃபாலும் தாராளமாகக் கொடுக்கலாம்.